மருந்து அடித்த கையும் மைட்டோகாண்ட்ரியாவும்

அண்ணன் கொடுத்த காசோலை ஒன்று திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது. 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று காரணம் எழுதிச் சீட்டு இணைத்திருந்தார்கள். நான் முப்பத்தேழு வருடம் அரசுடைமை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்ட சீட்டை எத்தனையோ பேருக்கு நானே எழுதியிருக்கிறேன். அதனால் வங்கி மேல் கோபம் வரவில்லை. பழைய கையெழுத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் அண்ணன் கையெழுத்து கட்டத்தை மீறி ஓடும். கடைசி எழுத்தின் கொக்கியை நீளமாக இழுத்து விடுவார். புதியதோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. முதல் எழுத்தைவிட இரண்டாவது சின்னது, அதைவிட மூன்றாவது சின்னது, கடைசியில் வெறும் புள்ளி.

"என்னண்ணே, இப்படிச் சுருங்கிப்போச்சு?"

"நான் பெருசாத்தான் எழுதுறேன் தம்பி. அது என்னமோ சின்னதா விழுது."

திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அண்ணனை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு வரிசையாகக் கேள்வி கேட்டார். வாசனை தெரிகிறதா? தூக்கத்தில் கத்துவது, கையைக் காலை உதைப்பது உண்டா? மலச்சிக்கல் எத்தனை வருடமாக? ஒவ்வொன்றுக்கும் அண்ணி "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் தோட்டத்தில் ஜீவாமிர்தம் கலக்கும்போது வேலைக்கு வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அண்ணன் மட்டும், "எனக்கு ஒண்ணும் நாறலையே" என்பார். பழகிப்போன மூக்கு என்று நாங்கள் சிரித்தோம். அது நோயின் முன்னறிவிப்பு. கை நடுக்கம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே வாசனை போவது உண்டாம்.

கடைசியாக மருத்துவர் கேட்டார்: "என்ன தொழில்? விவசாயமா? மருந்து அடிச்சிருக்கீங்களா?"

அண்ணன் சிரித்துவிட்டார். "பெரம்பலூர்ப் பக்கம் கரிசக்காடுங்க. மருந்து அடிக்காம பருத்தி எப்படிங்க வரும்? முப்பது வருசம் நானேதான் முதுகில டேங்க் மாட்டி அடிச்சேன்."

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். "பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம்னு சொல்வாங்க. அந்த மருந்தாலதான் வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா விவசாயின்னா இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வச்சுக்குவேன்" என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது. தொண்ணூறுகளில் நான் கிராமக் கிளையில் களஅலுவலராக இருந்தேன். அன்றைக்குப் பயிர்க்கடன் முழுவதையும் கையில் கொடுக்க மாட்டோம். ஒரு பகுதி ரொக்கம். உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் உரிய பகுதியை நேராகக் கடைக்காரருக்கே கொடுத்துவிடுவோம். "மருந்து வாங்கின ரசீது எங்கே?" என்று கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான். மருந்து வேண்டாம் என்று சொன்ன ஒன்றிரண்டு பெரியவர்களை, "விஞ்ஞானம் தெரியாத ஆளுங்க" என்று நினைத்ததும் உண்டு. அண்ணனுக்கு வேறு கிளையில் கடன். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டவரும் என்னைப் போன்ற ஒருவர்தான்.

அந்தக் கணக்குதான் என்னைப் படிக்க வைத்தது. என் மகள் உயிர்வேதியியல் படித்தவள். பெரியப்பாவுக்கு வந்த நோயைப் பற்றி அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். நான் புரிந்துகொண்டதை நம் உழவர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். இதில் ரசாயன விவசாயிக்குச் செய்தி இருக்கிறது. இயற்கை விவசாயிகளான நமக்கும் ஒரு செய்தி இருக்கிறது. நமக்கானது கொஞ்சம் கசப்பானது.

செல்லுக்குள் குடியேறிய நுண்ணுயிர்

உளுந்துச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்திருக்கிறீர்கள். முடிச்சு முடிச்சாக இருக்கும். அதற்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல் சரியாக நடக்கிறது.

இதே மாதிரி ஒரு கூட்டணி நம் உடம்புக்குள்ளும் இருக்கிறது. நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் புகுந்து, அங்கேயே தங்கிவிட்டது. அதன் வழிவந்ததுதான் மைட்டோகாண்ட்ரியா. 1967இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி இதை விரிவாக எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி மரபணு இருக்கிறது, 37 மரபணுக்கள். அவை தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைக் காப்பாற்றப் பாடுபடுகிற நாம், நமக்குள்ளேயே ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்ததில்லை.

அதன் வேலை என்ன? வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். நாம் சாப்பிடும் சோறு வைப்புத்தொகை மாதிரி. அதை அப்படியே கொடுத்துக் கடையில் சாமான் வாங்க முடியாது, ரொக்கமாக்க வேண்டும். உடம்பின் ரொக்கத்துக்கு ஏடிபி என்று பெயர். தசை அசைவதும் இதயம் துடிப்பதும் மூளை யோசிப்பதும் இந்த ரொக்கத்தைச் செலவழித்துத்தான். அதில் பெரும்பகுதியை ஆக்கித் தருவது மைட்டோகாண்ட்ரியா. கையிருப்பு எப்போதும் குறைவு; ஆக்க ஆக்கச் செலவாகும். நம் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடம்பின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. ரொக்கம் தட்டினால் முதலில் தள்ளாடுவது மூளைதான்.

இந்த ரொக்கம் ஆகிற விதம் நம் தோட்டத்து மோட்டார், தொட்டி மாதிரியே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீரை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றலாம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஐந்து பெரிய புரதக் கூட்டங்கள் இருக்கின்றன. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் போகும்போது, அந்தச் சக்தியில் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்துக்கு ஏற்றப்படுகின்றன. அவை திரும்பி இறங்கும் வழியில் ஐந்தாவது கூட்டம் இருக்கிறது. அது நிஜமாகவே சக்கரம்போலச் சுற்றி ஏடிபியை ஆக்குகிறது. வரிசையில் முதலாவதாக இருக்கும் கூட்டத்துக்கு 'காம்ப்ளெக்ஸ் ஒன்று' என்று பெயர். நான் அதை முதல் மோட்டார் என்று வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்த முதல் மோட்டாரைப் பற்றித்தான்.

முதல் மோட்டார் அடைத்துக்கொண்டால் இரண்டு நஷ்டம். ஒன்று, ஏடிபி குறையும். இரண்டு, போக வழியில்லாத எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிஜனோடு சேர்ந்து செல்லைச் சேதப்படுத்தும் பொருட்களாக மாறும். மின்கம்பியில் இணைப்பு தளர்ந்தால் விளக்கும் மங்கும், தீப்பொறியும் பறக்கும் அல்லவா? அதே கதை.

கலிபோர்னியாவில் உறைந்துபோனவர்கள்

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817இல் ஆறு பேரைக் கவனித்து இந்த நோயைப் பற்றி எழுதினார். நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சின்னப் பகுதியில் டோபமைன் என்ற பொருளை ஆக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை செத்துக்கொண்டே வருவதுதான் இந்த நோய் என்பது பிறகு தெரிந்தது. ஏன் சாகின்றன என்பதுதான் தெரியாமலே கிடந்தது.

துப்பு கிடைத்தது 1982இல், வேறொரு வழியில். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகர மருத்துவமனைக்கு 42 வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சிலை மாதிரி உறைந்திருந்தார், பேச்சில்லை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் பார்த்தார். கையில் பென்சிலைக் கொடுத்ததும் அந்த மனிதர் மெதுமெதுவாக எழுதத் தொடங்கினார். உள்ளே அறிவு தெளிவாக இருந்தது, உடம்புதான் கேட்கவில்லை. அதே பகுதியில் இன்னும் சிலர் இதே நிலையில் கிடப்பது தெரியவந்தது. வயதானவர்களுக்குப் பல வருடங்களில் மெல்ல வரும் நிலை, இவர்களுக்குச் சில நாட்களில் வந்திருந்தது.

அவர்கள் எல்லோரும் ஹெராயின் என்று நம்பி, யாரோ கள்ளத்தனமாகச் செய்த ஒரு போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். செய்தவர் பக்குவம் தவறியதால் அதில் எம்பிடிபி என்ற பொருள் கலந்துவிட்டது. அது மூளைக்குள் போய் வேறொன்றாக மாறுகிறது. அந்த மாற்றுப்பொருள் டோபமைன் போகும் வாசல் வழியாகவே அந்தக் குறிப்பிட்ட நரம்பணுக்களுக்குள் நுழைகிறது. உள்ளே போய் மைட்டோகாண்ட்ரியாவில் சேர்ந்து, முதல் மோட்டாரை அடைக்கிறது.

இதன் பிறகு 1989இல் லண்டனில் அந்தோனி ஷாப்பிராவும் கூட்டாளிகளும், சாதாரணமாகப் பார்க்கின்சன் வந்து இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார்கள். போதைப்பொருள் பக்கமே போகாத அவர்களுக்கும் அதே பகுதியில் முதல் மோட்டாரின் வேகம் குறைந்திருந்தது.

அந்த நரம்பணுக்கள் மட்டும் ஏன் முதலில் சாகின்றன என்று மகளிடம் கேட்டேன். "அதுங்களுக்கு ஓய்வே கிடையாதுப்பா" என்றாள். அவை இடைவிடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு நரம்பணு கிளைவிட்டுக் கிளைவிட்டு லட்சக்கணக்கான இணைப்புகளைப் பராமரிக்கிறது. நாலு ஏக்கர் பாயவேண்டிய மோட்டாரை நாப்பது ஏக்கருக்கு ஓட்டுகிற மாதிரி. மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே சுருள் கருகிவிடும்.

எம்பிடிபி கதையில் உழவர்களுக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான். மூளையில் உண்டாகும் அந்த மாற்றுப்பொருளின் வேதி அமைப்பைப் பார்த்தவர்கள், அது பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்போடு மிகவும் ஒத்திருப்பதைக் கண்டார்கள். நம் ஊரில் வரப்புக் களைக்கு அடிக்கிறார்களே, அடித்த மறுநாளே புல்லெல்லாம் கருகிக் கிடக்குமே, அதுதான். பாராகுவாட் முதல் மோட்டாரை நேராக அடைப்பதைவிட, நான் மேலே சொன்ன தீப்பொறியைப் பெருக்கிச் சேதம் செய்கிறது என்கிறார்கள். அப்படியிருந்தும் உழவர்களின் உடம்பைப் பற்றி விஞ்ஞானிகள் கேள்வி கேட்கத் தொடங்கியது அந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான்.

வேரிலிருந்து வந்த நஞ்சு

நமக்கான கசப்பு இதோ. தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் சில கொடிகளின் வேரை நசுக்கி ஆற்றில் கரைத்து மீன் பிடிப்பது பழங்குடிகளின் வழக்கம். அந்த வேரிலுள்ள பொருளுக்கு ரோட்டினோன் என்று பெயர். தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும், ஆனாலும் மீன் மூச்சுமுட்டி மேலே மிதக்கும். ஏனென்றால் ரோட்டினோன் செய்வது முதல் மோட்டாரை அடைப்பதுதான்.

மேலை நாடுகளில் இந்த வேர்ப்பொடி பல பத்தாண்டுகள் தோட்டத்துப் பூச்சிமருந்தாக விற்றது. அதுவும் எங்கே தெரியுமா? இயற்கை விவசாயிகளிடம். செடியிலிருந்து வருகிறது, வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடுகிறது, மண்ணில் தங்குவதில்லை. அதனால் பாதுகாப்பானது என்று நம்பினார்கள்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிமத்தி கிரீனமயர் குழுவினர் எலிகளின் ரத்தத்தில் ரோட்டினோனைச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் செலுத்திப் பார்த்தார்கள். உடம்பு முழுவதும்தான் நஞ்சு ஓடியது. ஆனால் நரம்பணு செத்தது குறிப்பாக அந்தக் கறுப்புப் பகுதியில். எலிகள் அசைவு குறைந்து, கூனி நின்றன. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் புரத உருண்டைகளைப் போன்றவையும் அவற்றின் நரம்பணுக்களில் இருந்தன.

எலிக்கு ஊசியில் ஏற்றுவதும் மனிதன் வயலில் தெளிப்பதும் ஒன்றல்ல. அதனால் உழவர்களிடமே போய்க் கேட்டார்கள். அமெரிக்காவில் அயோவா, வடக்கு கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் நீண்ட காலமாகக் கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பார்க்கின்சன் வந்த 110 பேரையும் வராத 358 பேரையும் எடுத்து ஒப்பிட்டு, கேரலின் டானரும் குழுவினரும் 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு. பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கும் சுமார் 2.5 மடங்கு. ஒன்று வேரிலிருந்து வந்தது, இன்னொன்று ஆலையிலிருந்து வந்தது. கணக்கில் இரண்டும் ஒரே இடத்தில் நின்றன.

இந்த 2.5 மடங்கைப் பெரிதாக்கிப் பயமுறுத்தவும் கூடாது. அறுபது வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு வரும் நோய் இது. அது இரண்டரை மடங்கு ஆனாலும், மருந்து அடித்த பெரும்பாலானவர்களுக்கு நோய் வராது. மருந்தே தொடாத ஆசிரியருக்கும் வரும். வயது, மரபணு, இன்னும் பல காரணங்கள் சேர்ந்து வருவது. அதனால்தான் திருச்சி மருத்துவர் அண்ணனிடம் "அதனாலதான் வந்தது" என்று சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். மேடையில் நம்மவர்கள் சிலர், "பூச்சிமருந்து அடித்தால் நரம்பு நோய் வரும்" என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் உண்மை. கூட்டிச் சொன்னால், அடுத்த முறை நாம் சரியாகச் சொல்வதையும் நம்பமாட்டார்கள்.

அதே நேரம், முழு நிரூபணம் வரட்டும் என்று எல்லா நாடும் காத்திருக்கவில்லை. பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் அனுமதி ரத்தானது. கேரளம் 2011இல் தடை செய்தது. பிரான்ஸ் நாட்டில் 2012 முதல், பத்து வருடம் பூச்சிமருந்தோடு வேலை பார்த்த உழவருக்குப் பார்க்கின்சன் வந்தால் அது தொழில்சார் நோய் என்று அரசாணை இருக்கிறது. அங்கே அந்த உழவருக்கு இழப்பீடு உண்டு. நம் ஊரில் அண்ணன் மாத்திரைக்கு அண்ணன்தான் பணம் கட்டுகிறார்.

கெட்டுப்போனதை அகற்றும் வேலை

குடும்பத்தில் வழிவழியாக வரும் பார்க்கின்சன் குறைவுதான். ஆனாலும் அதை ஆராய்ந்தவர்கள் மைட்டோகாண்ட்ரியாவிடமே வந்து சேர்ந்தார்கள். பார்க்கின் என்ற மரபணுவை 1998இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். பிங்க் ஒன்று என்ற மரபணு 2004இல் தெரிந்தது. இவை செய்யும் வேலை நமக்குத் தெரிந்த வேலைதான். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்த செடியை உடனே பிடுங்கி அகற்றுவோம் இல்லையா? செல்லுக்குள் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் காட்டுவது பிங்க் ஒன்று. அந்த அடையாளத்தைப் பார்த்து அகற்ற ஏற்பாடு செய்வது பார்க்கின். பார்க்கினின் இந்த வேலையை ரிச்சர்ட் யூல் குழுவினர் 2008இல் காட்டினார்கள். இந்த மரபணுக்களில் கோளாறு இருந்தால் பழுதானவை வயலிலேயே கிடந்து பரவும். நஞ்சு வழியாகப் போனாலும் மரபணு வழியாகப் போனாலும் ஆராய்ச்சி ஒரே வாசலில் வந்து நிற்கிறது.

அப்படியானால் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சத்து மாத்திரை கொடுத்தால் போதுமே? அண்ணன் மகனும் இப்படித்தான் நினைத்து, கோஎன்சைம் க்யூ டென் என்ற மாத்திரை டப்பாக்களை வாங்கி வந்தான். விலை அதிகம். முறையாகச் சோதித்திருக்கிறார்களா என்று மகளிடம் கேட்டேன். சோதித்திருக்கிறார்கள். 600 நோயாளிகளை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த சோதனையைப் பயன் தெரியவில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரியாட்டின் என்ற இன்னொன்றை 1,741 பேரிடம் சோதித்து, அதையும் 2013இல் நிறுத்தினார்கள். கருகிய பயிருக்கு மேலுரம் போட்ட மாதிரி. வருமுன் காப்பதற்கு ஈடு இன்னும் வரவில்லை.

நம் மண்ணுக்கு ஒரு பெருமையும் இந்த வரலாற்றில் இருக்கிறது. அண்ணன் சாப்பிடும் மாத்திரையின் உட்பொருள் லெவோடோபா. மூளையில் குறைந்துபோன டோபமைனை அது ஈடுகட்டுகிறது. நரம்பணு சாவதை நிறுத்துவதில்லை. வேலியில் படரும் பூனைக்காலி விதையில் இதே பொருள் இருப்பதை, 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பார்க்கின்சனுக்கு அது மருந்தானது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்துத்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடியைத் தின்னத் தொடங்கிவிடாதீர்கள். விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சிக் கை கால் தானாக ஆடும், குழப்பம் வரும். சித்த மருத்துவரானாலும் நரம்பியல் மருத்துவரானாலும், அவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். இன்னொரு அனுபவமும் சொல்கிறேன். லெவோடோபா மாத்திரையைப் பருப்பு, முட்டை, பால் சாப்பிட்ட உடனே போட்டால் சரியாக வேலை செய்வதில்லை. புரதம் அதன் வழியை மறிக்கிறது. அண்ணனுக்குச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் என்று மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகு நடை தேறியது. தினமும் வரப்பில் ஒரு மணி நேரம் நடக்கவும் சொல்லியிருக்கிறார்.

நாம் என்ன செய்யலாம்?

போன மாதம் எங்கள் வட்டார உழவர் கூட்டத்தில் ஒரு தம்பி அக்னி அஸ்திரம் செய்து காட்டினார். புகையிலை, பச்சைமிளகாய், பூண்டு, வேப்பிலை, கோமியம். கூடவே ஊமத்தை இலையையும் அரைத்துப் போட்டார். முழங்கை வரை வெறும் கையால் கலக்கினார். "கையுறை போடலையா தம்பி?" என்றேன்.

"இது இயற்கைதானே சார், என்ன செஞ்சிடும்?" என்றார்.

ரோட்டினோன் விற்ற கடைக்காரரும் இதையேதான் சொல்லியிருப்பார். புகையிலையின் நிகோட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும். ஈரப் புகையிலையைக் கையாளும் தொழிலாளிகளுக்கு வாந்தியும் தலைசுற்றலும் வருவது தெரிந்த விஷயம். ஊமத்தையிலுள்ள நஞ்சு நரம்பைக் குழப்பும். இவை பார்க்கின்சனைக் கொண்டுவரும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு பூச்சியின் உயிரை எடுக்கும் அல்லது விரட்டும் எந்தச் சாறும் நம் உடம்பிலும் ஏதோ ஒரு மோட்டாரைத் தொடக்கூடியதுதான். எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு, உள்ளே போய் என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

கலக்கும்போதும் தெளிக்கும்போதும் முழுக்கை ரப்பர் கையுறை. துணிக் கையுறை வேண்டாம், அது சாற்றை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துவிடும். அதே அமெரிக்க உழவர்களிடம் 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், பாராகுவாட் அடித்தவர்களில் கையுறை போடாதவர்களிடம்தான் நோய்த் தொடர்பு தெரிந்தது. சில நூறு ரூபாய் பெறாத பொருள் இது.

காற்றுக்கு எதிராகத் தெளிப்பதில்லை. மூக்கு, வாய், கண் மூடி இருக்க வேண்டும். டேங்கில் கசிவு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அண்ணன் முதுகு முப்பது வருடம் நனைந்ததெல்லாம் கசிகிற டேங்கால்தான்.

தெளித்த துணியைத் தனியாக அலச வேண்டும். அதை அலசுவது வீட்டுப் பெண்கள். அவர்களுக்கும் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

ஊமத்தை, அரளி, புகையிலை சேர்த்த கரைசலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொறிப்பயிர், மஞ்சள் ஒட்டுப்பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் என்று முதலில் இருக்கும் படிகளை விட்டுவிட்டு நேராக அங்கே தாவ வேண்டாம்.

பக்கத்துக் காட்டுக்காரர் ரசாயனம் அடிப்பவராக இருந்தாலும் அவரிடம் சண்டைக்குப் போகாமல் கையுறையைப் பற்றிப் பேசுங்கள். வரப்புக் களையை வெட்டுவதற்கு ஆள் அனுப்பி உதவுங்கள். அவர் கையும் நம் கைதான்.

வீட்டில் பெரியவர்களுக்கு வாசனை தெரியவில்லை, கையெழுத்து சுருங்குகிறது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கிறது என்றால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து அடித்த விவரத்தை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதி வைத்தால்தான் நாளைக்கு நம் நாட்டிலும் கணக்கு எடுக்க முடியும். கோப்பில் இல்லாத கடனை எந்த வங்கியும் ஒத்துக்கொண்டதில்லை.

அண்ணன் இப்போது கோடு போட்ட நோட்டில் தினமும் ஒரு பக்கம் எழுதுகிறார். கோடு இருந்தால் எழுத்து சுருங்காமல் நிற்கிறது. விதைப்பு, மழை, அறுப்பு என்று தோட்டத்துக் கணக்கையே எழுதச் சொல்லிவிட்டேன். வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்து கொடுக்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கோடுகளுக்கு நடுவில், நாக்கைக் கடித்துக்கொண்டு, நாலு நிமிடத்தில் போட்டு முடித்தார். கடைசிக் கொக்கி மட்டும் வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண் பிள்ளை பொறுமையாகக் காத்திருந்து வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை அண்ணன் கொட்டகைக்கு வந்தார். ஜீவாமிர்தத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய இன்னொரு ஜோடிக் கையுறையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். மாட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. நான் உதவிக்குப் போகவில்லை. மாட்டிக்கொண்டு வந்து, "குச்சியை இங்க குடு தம்பி" என்றார்.